வீட்டுப் பாடம் கட்டாயமா?

பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் வீட்டுப் பாடத்தைப் பிள்ளை செய்தே தீர வேண்டுமா, செய்யாவிட்டால் தண்டிக்கலாமா என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டு வருகிறார்கள். நமக்குத் தெரிந்த அளவில் இதை ஆராய்வோம்.

நம் நாட்டில் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அந்தத் தண்டனை பெற்றவருக்கே, பிள்ளைக்கல்ல என்பதைக் கவனிக்கவும்.

வீட்டுப் பாடம் நீதிமன்றம் வரை போன சங்கதி தமிழ்நாட்டில் உண்டு. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. கிருபாகரன் அவர்கள், 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் கொடுக்கலாகாது என்று உத்தரவிட்டார். அவ்வாண்டு நவம்பரில் இந்திய அரசும் மாநிலங்களுக்கு அப்படியே எழுதிற்று. 2020இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை, 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வாரத்திற்கு 2 மணி நேரம், 6 முதல் 8 வரை நாளொன்றுக்கு 1 மணி நேரம் என்று உச்ச அளவு குறித்தது. பிரான்சு தேசத்தில் 1956லேயே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு எழுத்து வேலை கொடுத்தனுப்பலாகாதென்று ஆணை பிறந்தது.

சென்னை உத்தரவு பாகான் டத்தோவைக் கட்டுப்படுத்தாதுதான். ஆயினும் வியாபாரிகளாகிய நமக்கு அதன் நியாயம் விளங்கும். வாங்குபவன் வலுவைப் பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும்; கொடுத்தவன் பேரேட்டையும் புரட்ட வேண்டும். மதரஸாவில் நம் ஹஜ்ரத், ஓதிக்கொடுத்த பாடத்தையே மறுநாள் ஒப்புவிக்கச் சொல்வார். ஓதிக்கொடுக்காததைக் கேட்க மாட்டார். ஓதிக்கொடுத்ததைக் கேட்காமலும் விட மாட்டார். அப்படிப்பட்ட பாடத்தைக் கட்டாயப்படுத்தலாம் என்பதே நம் அபிப்பிராயம். அட்டை வெட்டி ஒட்டு, இணையத்தில் தேடிப் படம் எடு என்று வருவதெல்லாம் தகப்பனுக்குக் கொடுத்த பாடம். மலாயை எழுத்துக்கூட்டி வாசிக்கும் நம் போன்றவர்கள் டியூஷனுக்குக் காசு கட்டி அதைச் செய்விக்கிறோம். பிள்ளை அதில் என்ன கற்றான்?

நம் பக்கமும் பார்க்க வேண்டும். பள்ளியும் மார்க்க வகுப்பும் முடிந்து வந்தவனைக் கல்லாவில் உட்கார வைக்கிறோம். வெங்காய மூட்டையைப் பிரிக்கச் சொல்கிறோம். கடை சாத்தியபின் நோட்டைத் திறப்பவன் தூங்கி விழாமல் என்ன செய்வான்? மறுநாள் வகுப்பில் நிற்பவன் அவன். நிற்க வேண்டியவர் நாம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே ஒரு மணி நேரத்திற்குச் சற்று அதிகம் கிடைக்கிறது. அந்நேரம் அவனைக் கடைக்குக் கூப்பிடாதிருந்தால் போதும். (குர்ஆன் ஓதப் போகிற பிள்ளைக்கு வேறு நேரம் ஒதுக்கலாம்.)

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு, கடையை யார் பார்ப்பதென்று நம்மவர் போவதில்லை. போய், நோட்டுகளை யார் திருத்துகிறார்கள், ஒரே நாளில் எத்தனை பாடத்திற்கு வேலை கொடுக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டு வர வேண்டும்.