உதடு ஓரிடம், குரல் ஓரிடம்

குடும்பத்தோடு பொன்முடிக்குப் போய் வந்ததை அந்தக் காலத்தில் வீடியோ கேசட்டில் பதிந்து வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் திருவனந்தபுரத்தில் பல உண்டு. அவற்றை இப்போது கணினிக் கோப்பாக மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல காரியம். வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபூனாய், 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

ஆனால் மாற்றிய கோப்பில் வாய் அசைந்து முடிந்த பிறகு குரல் வருவதுண்டு. எங்கள் வீட்டுக் கேசட்டும் அப்படித்தான் திரும்பி வந்தது. "பழைய கேசட் சார், அவ்வளவுதான் வரும்" என்றார் மாற்றிக் கொடுத்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் தாயார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பெங்களூரில் வளரும் பேத்திக்கு அவரைத் தெரிவது இந்த ஒரு மணி நேரப் படத்தில் மட்டும்தான்.

படமும் ஒலியும் அடுத்தடுத்த தண்டவாளங்களில் ஓடும் இரண்டு ரயில்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாமதமாகப் புறப்பட்டு அதே வேகத்தில் ஓடினால், இடைவெளி கடைசிவரை மாறாது. இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டு வேகம் வேறுபட்டால், போகப் போக இடைவெளி கூடும். முதலில் நம் கோப்புக்கு எந்த நோய் என்று அறிய வேண்டும். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் பார்த்தால் போதும்.

எதை வைத்துப் பார்ப்பது? ப, ம என்னும் எழுத்துகளை வைத்துத்தான். இரண்டும் உதடு சேர்ந்தால்தான் பிறக்கும் என்பது தொல்காப்பியம் அறிந்த செய்தி. அம்மா, அப்பா, பாட்டி என்று யாராவது கூப்பிடும் இடத்தைத் தேடுங்கள். 'பொன்முடி' என்ற சொல்லிலேயே உதடு இரண்டு முறை சேர்கிறது!

இடைவெளி மாறாததாக இருந்தால் வேலை எளிது. விஎல்சி மென்பொருளில் படத்தை ஓடவிட்டு ஜே விசையை அழுத்தினால் ஒலி 50 மில்லி நொடி முந்தும். கே விசையை அழுத்தினால் அதே அளவு பிந்தும். இது அப்போதைக்கு மட்டுமே, கோப்பு மாறாது. சரியான அளவு தெரிந்ததும் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒலித்தடத்தின் தாமதக் கட்டத்தில் அதை எழுதிச் சேமியுங்கள். ஒலி 400 மில்லி நொடி பிந்தியிருந்தால் -400 என்று எழுத வேண்டும். படத்தின் தரம் சற்றும் குறையாது.

மில்லி நொடி வரை துல்லியம் பார்த்துத் தவிக்க வேண்டாம். தொலைவில் கீமேன் தண்டவாளத்தில் சுத்தியலால் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 340 மீட்டருக்கு அப்பால் நின்றால் ஓசை ஒரு நொடி கழித்தே வரும். ஒலி பிந்துவது இயற்கைக்குப் பழக்கம், முந்துவதுதான் உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். பிந்தினால் 125 வரை தெரியாது. ஆகவே சந்தேகம் வந்தால் ஒலியைச் சிறிது பிந்தவே விடுங்கள்.

எங்கள் கேசட்டுக்கு வந்தது இரண்டாவது நோய். நடுவில் ஒரு நொடி, முடிவில் இரண்டு நொடி பிந்தியது. படத்தை ஒரு கருவியும் ஒலியை வேறொரு கருவியும் தத்தம் கடிகாரப்படி அளந்தால் இப்படி நேரும். படம் 3600 நொடி, ஒலி 3602 நொடி. ஒலியை மட்டும் ஆடாசிட்டியில் திறந்து, டெம்போ மாற்றும் பகுதியில் 3602 நொடியை 3600 ஆக்கினேன். குரலின் சுருதி மாறாது. பிறகு எம்கேவிடூல்நிக்ஸில் பழைய ஒலியை நீக்கிப் புதியதைச் சேர்த்தேன்.

நாடா கசங்கிய இடத்திலிருந்து திடீரென்று விலகினால், அது படச்சட்டங்கள் விடுபட்டதன் அடையாளம். மீண்டும் ஒருமுறை பதிவிறக்கச் சொல்வதே நல்லது. அதனால் கேசட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கைபேசிப் படத்தின் கதை வேறு. பொன்முடி மூடுபனியில் வெளிச்சம் குறைந்தால் கைபேசி நொடிக்கு எடுக்கும் சட்டங்களைத் தானே குறைத்துக்கொள்ளும். இப்படிச் சீரில்லாத கோப்பைச் சில எடிட்டிங் மென்பொருள்கள் தவறாகக் கணக்கிடும். வெட்டி ஒட்டும் முன்பு ஹேண்ட்பிரேக்கில் சட்ட வேகத்தை 'மாறாதது' என்று தேர்ந்து ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.