மீன் தொட்டி வைக்கிறீர்களா?

சென்னை கொளத்தூர் கடைகளில் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வராதீர்கள். தொட்டி முதலில், மீன் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கடும் விஷம். அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற அத்தனை காலம் பிடிக்கும். அதுவரை அந்தப் பாக்டீரியாவுக்காகத் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு ஃபில்டரை ஓடவிடுங்கள். பஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு கலந்த பிறகே ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். உங்கள் வீட்டில் உப்புச்சுவையுள்ள போர் தண்ணீர்தானா? கப்பி, மோலி, பிளாட்டி தாங்கும். நியான் டெட்ராவுக்கு ஒத்துவராது.

சென்னையில் ஹீட்டரைவிட மே மாத வெயில்தான் பெரிய கவலை. தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். தொட்டியை ஜன்னலோரம் வைக்காமல், மூடியைத் திறந்து சின்ன ஃபேன் வையுங்கள். கரண்ட் போனால் கைகொடுக்க பேட்டரி ஏர் பம்ப் அவசியம்.

வளர்க்க முடியாத மீனைப் அடையாற்றில் விடாதீர்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் தென் அமெரிக்க மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களை நெருக்குகிறது. தயவுசெய்து கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.