ஒட்டுவதற்கு முன் அளந்து பார்

அன்புள்ள தம்பி,

பெரம்பூர் வீட்டு மாடியறையைப் பாட்டு பதிவு செய்யும் இடமாக மாற்றப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். கானா பாடும் வடசென்னைப் பிள்ளைகள் தங்களுக்கென்று ஓர் அறையை உருவாக்கிக்கொள்வது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முட்டை அட்டை ஒட்டினால் போதுமா, அல்லது ‘எண்பது சதவீதம் ஒலியை உறிஞ்சும்’ என்று கடைக்காரர் காட்டுகிற பேனலை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அளந்து பார்க்காமல் எதையும் ஒட்டாதே என்பதுதான் என் பதில். அந்த எண்பது சதவீதம் எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு தடிமனுக்கு, எப்படிப் பொருத்தி அளந்தது என்று தெரியாதவரை அதற்குப் பொருளே இல்லை. பேனல்களைச் சோதிக்கும் முறையை நீ புரிந்துகொண்டால், யார் எந்த எண்ணைச் சொன்னாலும் எடைபோட உனக்கே தெரிந்துவிடும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். வெளியிலிருந்து வரும் ஓசையைத் தடுப்பது ஒரு வேலை. உள்ளே எழும் ஓசை சுவரில் பட்டுத் திரும்பாமல் உறிஞ்சுவது வேறொரு வேலை. திரும்பும் ஓசையைப் பல திசைகளில் சிதறடிப்பது மூன்றாவது வேலை. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய பணம் வீணாகிறது. நம் ஊர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் செய்த சாதாரணப் பெட்டியில் நீ பயணம் செய்திருப்பாய். இருக்கை மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் தண்டவாளத்தின் இரைச்சல் முழுக்க உள்ளே வரும். கண்ணாடி மூடிய ஏ.சி. பெட்டிக்குள் அதே தடத்தில் அமைதி. இரைச்சலைத் தடுப்பவை கனமும் இடைவெளியில்லாத அடைப்பும். மென்மையான பொருளால் அது முடியாது. உன் அறைக்குள் ரயில் சத்தம் வரக்கூடாதென்றால் கதவிடுக்கையும் ஜன்னல் இடுக்கையும் அடைக்க வேண்டும். சுவரில் ஒட்டும் நுரை அந்த வேலையைச் செய்யாது.

இனி உறிஞ்சுதலுக்கு வருவோம். கை தட்டிய பிறகும் அறையில் ஓசை சிறிது நேரம் நீடிக்கிறதல்லவா, அதை எதிர்முழக்கம் என்கிறோம். ஓசை 60 டெசிபல் குறைய, அதாவது அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய, ஆகும் நேரம்தான் எதிர்முழக்க நேரம். இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895இல் அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை மண்டபம் புதிதாகத் திறக்கப்பட்டது. ஆனால் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்குவதற்கு ஐந்தரை வினாடி ஆனது, அதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து மேலே விழுந்தன. சபைன் ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கச் செய்து, நிறுத்தி, அந்த ஓசை காதுக்குக் கேட்காமல் போகும் நேரத்தைக் குறித்தார். தெருவின் அரவம் குறுக்கிடக்கூடாது என்று இரவில் வேலை செய்தார். பக்கத்து அரங்கமான சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைச் சிறிது சிறிதாகக் கொண்டுவந்து போட்டு, ஒவ்வொரு முறையும் மறுபடி அளந்தார். எல்லா மெத்தைகளும் வந்து சேர்ந்தபோது நேரம் ஒரு வினாடிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது.

அந்த இரவுகளில் பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அறையின் கனஅளவைக் கனமீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, எதிர்முழக்க நேரத்தால் வகுத்தால், அறையில் மொத்தம் எத்தனை சதுர மீட்டர் ‘முழு உறிஞ்சுபரப்பு’ இருக்கிறது என்று கிடைக்கும். முழு உறிஞ்சுபரப்பு என்பதைத் திறந்த ஜன்னலாக நினைத்துக்கொள். அதன் வழியே போன ஓசை திரும்பி வராது. சபைன் தம் அளவைக்கு அலகாக எடுத்துக்கொண்டதும் திறந்த ஜன்னலைத்தான்.

இன்றைய ஆய்வகங்களில் இதே வேலையைச் செய்ய எதிர்முழக்க அறை என்று ஒன்று கட்டுகிறார்கள். புது டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இத்தகைய அறை உண்டு. ஐ.எஸ்.ஓ. 354 என்ற பன்னாட்டுத் தரம், அறை குறைந்தது 150 கனமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது, புதிதாகக் கட்டுவோருக்கு 200 கனமீட்டரைப் பரிந்துரைக்கிறது. சுவரும் தரையும் கூரையும் கெட்டியாக, வழவழப்பாக இருக்கும். ஓசை எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதற்காகக் கூரையிலிருந்து வளைந்த தகடுகளைத் தொங்கவிடுவார்கள். முதலில் வெறும் அறையை அளப்பார்கள். பிறகு 10 முதல் 12 சதுர மீட்டர் பேனலைத் தரையில் செவ்வகமாகப் பரப்பி மறுபடி அளப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். 200 கனமீட்டர் அறை, வெறுமையாக இருக்கும்போது 8 வினாடி என்றால் உறிஞ்சுபரப்பு சுமார் 4 சதுர மீட்டர். 10 சதுர மீட்டர் பேனல் வைத்த பிறகு 3 வினாடி என்றால் அது 10.7 ஆகிறது. வித்தியாசம் 6.7. அதைப் பேனலின் பரப்பால் வகுத்தால் 0.67. இதுதான் அந்தப் பேனலின் உறிஞ்சு எண். ஒரே அறையில் எடுத்த இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்திலிருந்து இது பிறக்கிறது என்பதை நீ மறக்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவே வேறு எது மாறினாலும் அந்தப் பழி பேனல் மீது விழும். காற்றின் ஈரப்பதம்கூட அப்படித்தான். உயர்ந்த சுரங்களைக் காற்றே கொஞ்சம் விழுங்குகிறது, எவ்வளவு விழுங்கும் என்பது ஈரத்தைப் பொறுத்தது. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறி வரும் நம் ஊரில், காலையில் வெறும் அறையையும் மாலையில் பேனலோடும் அளந்தால் கணக்கு பிசகிவிடும். ஆகவே வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் குறித்துக்கொண்டு திருத்தம் செய்கிறார்கள்.

சில அறிக்கைகளில் உறிஞ்சு எண் 1.1 என்றுகூட இருக்கும். வந்த ஓசையைவிட அதிகமாக எதுவும் உறிஞ்ச முடியாதே என்று நீ கேட்பாய். பேனலின் ஓரங்களில் ஓசை வளைந்து உள்ளே நுழைகிறது. அதனால் 10 சதுர மீட்டர் பேனல், தன் பரப்பைவிடச் சற்றுப் பெரிய பேனல் போல நடந்துகொள்கிறது. கணக்கிலோ நாம் 10ஆல்தான் வகுக்கிறோம். எண் ஒன்றைத் தாண்டுவது இதனால்தான். அதே பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்தால் ஓரங்கள் கூடும், எண்ணும் ஏறும். தரம், செவ்வகத்தின் அகலம் நீளத்தில் 0.7 பங்குக்குக் குறையக்கூடாது என்று கட்டுப்படுத்துவதன் காரணம் இது.

இன்னொரு வழி குழாய்ச் சோதனை. நீண்ட உலோகக் குழாயின் ஒரு முனையில் ஒலிபெருக்கி, மறுமுனையில் வட்டமாக வெட்டிய சிறு மாதிரி, நடுவே இரண்டு மைக். சிறு துண்டு போதும், விரைவில் முடியும், பொருள்களை ஒப்பிடுவதற்கு மிக நல்லது. ஆனால் குழாயில் ஓசை நேர்க்குத்தாக மட்டுமே வந்து மோதும். அறையில் எல்லாக் கோணங்களிலும் மோதும். ஆகவே குழாய் தரும் எண்ணும் அறை தரும் எண்ணும் ஒன்றாக இரா. இரண்டில் எது என்று கேட்காமல் ஒப்பிடாதே.

தடிமன்தான் உனக்கு மிகவும் முக்கியம். நார்களுக்கிடையே காற்று ஓடி உரசும்போதுதான் ஓசையின் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. கெட்டிச் சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை. சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில்தான் அதன் ஓட்டம் மிகுதி. 1000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 34 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸுக்கு 3.4 மீட்டர். ஒரு அங்குல நுரை பாடகரின் ‘ஸ’, ‘ச’ போன்ற கூர்மையான ஒலிகளைப் பிடிக்கும். டோலக்கின் கனத்த பக்கத்து அடி அதைப் பொருட்படுத்தாமல் போய்வரும். முட்டை அட்டையோ இன்னும் மெலிந்தது, கீழ்ச்சுரங்களில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. கூர்மை மட்டும் உறிஞ்சப்பட்டுக் கனம் அப்படியே மிஞ்சினால் அறை மந்தமாக, குமுறலாக ஒலிக்கும். ராக்வூல் என்னும் கனிம இழைப் பஞ்சை நான்கு அங்குலத் தடிமனில் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளிப் பொருத்தினால் நிலைமை வெகுவாக மாறும். என்.ஆர்.சி. என்று விளம்பரங்களில் வரும் ஒற்றை எண் 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கின் சராசரி. 250க்குக் கீழே நடப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. டோலக் வாசிக்கிறவனுக்கு வேண்டியது அந்தக் கீழ்ப்பகுதிதான்.

இப்போது சிதறல். வழவழப்பான சுவர் கண்ணாடியைப் போல ஓசையை ஒரே திசையில் திருப்பிவிடும். வளைந்திருந்தால் ஓரிடத்தில் குவிக்கவோ தன் ஓரமாகவே வழிநடத்தவோ செய்யும். பீஜப்பூர் கோல் கும்பஸில் ஒருவர் கிசுகிசுப்பது வட்டத்தின் மறுபக்கத்தில் கேட்கிறது. இத்தகைய கிசுகிசு மாடங்களை 1920களில் ஆராய்ந்தவர் நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன். இதற்கு நேர்மாறானது மேடுபள்ளமான பரப்பு. 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேடுபள்ளம் அதற்கு ஒத்த அலைநீளங்களைக் கலைக்கும், பல மீட்டர் நீளமுள்ள அலையை அது தொடாது. 1970களில் ஜெர்மானிய இயற்பியலாளர் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் இந்த மேடுபள்ளத்துக்கு எண்கணிதத்திலிருந்து ஒரு விதி கொடுத்தார். 0 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணையும் வர்க்கப்படுத்தி 7ஆல் வகுத்து மீதியை எழுது: 0, 1, 4, 2, 2, 4, 1. இந்த விகிதத்தில் பள்ளங்களின் ஆழம் அமைந்தால் ஓசை பல திசைகளுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்து போகும். 500 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்ய வேண்டுமானால் மிக ஆழமான பள்ளம் சுமார் 20 சென்டிமீட்டர். காகிதத்தில் போட்டுப் பார், பள்ளிக்கூடக் கணக்குதான்.

சிதறலை எப்படி அளக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வட்டமான மாதிரியை எதிர்முழக்க அறையில் ஒரு சுழல்மேசை மீது வைக்கிறார்கள். மேசை சுழலும்போது பலமுறை ஓசை எழுப்பிப் பதிவுசெய்து, எல்லாப் பதிவுகளையும் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். கண்ணாடித் திசையில் திரும்பும் பகுதி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதால் சராசரியில் நிலைக்கிறது. சிதறிய பகுதி ஒவ்வொரு கோணத்திலும் வேறுவேறாக வருவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அசையாத மேசையிலும் சுழலும் மேசையிலும் கிடைக்கும் நேரங்களின் வேறுபாட்டிலிருந்து எவ்வளவு சிதறியது என்று கணக்கிடுகிறார்கள். இது ஐ.எஸ்.ஓ. 17497இன் முதற்பகுதி. சிதறிய ஓசை எல்லாத் திசைகளுக்கும் சீராகப் போனதா என்பது வேறு கேள்வி. அதற்கு மாதிரியைச் சுற்றி அரைவட்டமாக மைக்குகளை அடுக்கி அளப்பது இரண்டாம் பகுதி.

உன் அறையில் நீயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பின்னிரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு பலூனை உடைத்துக் கைப்பேசியில் பதிவுசெய். ஒலியளவைத் தானாகக் கூட்டிக்குறைக்கும் வசதியை அணைத்துவிடு. இடத்தை மாற்றி மாற்றிச் சில முறை செய். கணினியில் அலையைப் பார்த்து, 20 டெசிபல் இறங்க ஆகும் நேரத்தை மூன்றால் பெருக்கு. பிறகு வீட்டில் இருக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரில் சாய்த்து மறுபடி அளந்து பார். சபைன் செய்ததும் இதுதான், காசு செலவில்லை. 4க்கு 3க்கு 3 மீட்டர் அறை என்றால் 36 கனமீட்டர். 1.2 வினாடியை 0.4 ஆக்க ஏறக்குறைய 10 சதுர மீட்டர் முழு உறிஞ்சுபரப்பு கூடுதலாகத் தேவை. உறிஞ்சு எண் 0.8 உள்ள பேனலில் அது 12 சதுர மீட்டர். நான்கு சுவர்களையும் மூட வேண்டியதில்லை என்பது இதிலேயே தெரிகிறது. இவ்வளவு சிறிய அறையில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தச் சூத்திரத்தை நம்பாதே. அங்கே அறையின் நீள அகலங்களே சில சுரங்களை ஊதிப் பெருக்கும். பலூனிலும் கீழ்ச்சுரம் குறைவு. டோலக்கையே அறையின் பல இடங்களில் வாசித்துக் கேள், மூலைகளில் தடித்த பேனலை வைத்து மறுபடி கேள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பார்சலில் வரும் சாதாரண நுரையையும் காகித அட்டையையும் சுவர் முழுக்க ஒட்டாதே. எளிதில் தீப்பற்றும், அந்த நுரையின் புகை நச்சு. மின்கம்பிகளும் ஒற்றைக் கதவும் உள்ள மாடியறையில் அது உயிருக்கு ஆபத்து. தீத்தடுப்புச் சான்று இல்லாத எதுவும் உன் அறைக்குள் வரக்கூடாது.

கடைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேள்: 125 ஹெர்ட்ஸில் உறிஞ்சு எண் எவ்வளவு? எவ்வளவு தடிமனில், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி அளந்தது? எந்த ஆய்வகத்தின் அறிக்கை? பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்கு. ரயில்பெட்டியைச் சோதித்துப் பார்க்காமல் தொழிற்சாலை வாசலைத் தாண்ட விடாத ஊர் உன்னுடையது. அந்த ஒழுங்கு ஒரு பாட்டு அறைக்கும் வேண்டும். முன்னும் பின்னும் அளந்த நேரங்களைத் தேதி போட்டு எழுதி அனுப்பு, மூலைகளுக்கு என்ன செய்யலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்