வலையமைப்புப் பொறியியலும் யுனிக்ஸ் முறைமை நிருவாகமும்
க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்: தொழில் வழிகாட்டல்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• வலையமைப்புப் பொறியியலாளர், முறைமை நிருவாகி ஆகியோரின் கடமைகளை வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
• வலையமைப்புப் பழுதொன்றைப் படிமுறையாகத் தேடுவீர்கள்.
• யுனிக்ஸ் கோப்பு அனுமதி எண்களை விளக்குவீர்கள்.
• காப்பு நகலின் அவசியத்தை உண்மை நிகழ்வுகளைக் கொண்டு எடுத்துரைப்பீர்கள்.

1. அறிமுகம்

வங்கியின் ஏ.ரி.எம். இயந்திரத்தில் அட்டையை இட்டதும் பணம் வருகிறது. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் பதியப்பட்ட இரத்தப் பரிசோதனை முடிவு சில வினாடிகளில் நோயாளர் விடுதிக் கணினியில் தோன்றுகிறது. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் பெருந்தொகையானோர் ஒரே நேரத்தில் தமது சுட்டெண்ணை இணையத்தளத்தில் உள்ளிடுகின்றனர். இவை ஒழுங்காக நடைபெறும்போது இவற்றைப் பேணுபவரை எவரும் நினைப்பதில்லை. நின்றுபோனால் மாத்திரமே அவரைத் தேடுவர். அத்தகைய இருவரின் தொழிலைப் பற்றி இங்கு நோக்குவோம்.

2. இருவரின் கடமைகள்

வலையமைப்புப் பொறியியலாளர் கணினிகளுக்கு இடையிலான பாதைக்குப் பொறுப்பானவர். வடங்களை இடுதல், ஆளிகளையும் வழிப்படுத்திகளையும் அமைத்தல், ஐ.பி. முகவரிகளைத் திட்டமிடுதல், தீச்சுவரைப் பேணுதல் என்பன இவரது கடமைகள்.

முறைமை நிருவாகி அப்பாதையின் முடிவிலுள்ள சேவையகங்களுக்குப் பொறுப்பானவர். பயனர் கணக்குகளைத் தொடக்குதலும் நீக்குதலும், மென்பொருள்களை இற்றைப்படுத்தல், வட்டின் இடவசதியைக் கண்காணித்தல், காப்பு நகல் எடுத்தல், குறிப்பேட்டுக் கோப்புகளை வாசித்துப் பழுதறிதல் என்பன இவரது கடமைகள். சிறிய நிறுவனங்களில் ஒருவரே இரு பணிகளையும் செய்வதுண்டு.

3. யுனிக்ஸ் என்றால் என்ன?

யுனிக்ஸ் என்பது பல பயனர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தத்தக்க பணிசெயல் முறைமையாகும். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலானோர் இதனை உருவாக்கத் தொடங்கினர். 1973 இல் இது சி மொழியில் மீள எழுதப்பட்டது. இதனால் வெவ்வேறு வகைக் கணினிகளுக்கும் இதனைக் கொண்டுசெல்வது இலகுவாயிற்று.

1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் யுனிக்ஸை ஒத்த லினக்ஸின் கருவை வெளியிட்டார். ஒருவரது பொழுதுபோக்கு முயற்சியாகத் தொடங்கிய அதுவே இன்று அண்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் இயங்குகிறது. உலகின் முதல் 500 மீகணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரில் இடம்பெற்ற அனைத்தும் லினக்ஸிலேயே இயங்கின. எனவே யுனிக்ஸ் கற்க விரும்பும் மாணவர் லினக்ஸிலிருந்து தொடங்கலாம். அதனை இலவசமாகப் பெறலாம்.

4. பழுது தேடும் படிமுறை

பாடசாலைக் கணினி ஆய்வுகூடமொன்றில் 20 கணினிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் மாத்திரம் இணையத்தளங்கள் திறக்கவில்லை எனக் கொள்வோம். அனுபவமற்றவர் உடனே கணினியை மீளத் தொடக்குவார், அல்லது மென்பொருளை நீக்கி மீள நிறுவுவார். தேர்ந்தவர் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகச் சோதிப்பார்.

படி 1: வடம் இறுக்கமாக உள்ளதா? வலையமைப்பு இடைமுகத்தின் விளக்கு ஒளிர்கிறதா?
படி 2: கணினிக்குச் சரியான ஐ.பி. முகவரி உண்டா? முகவரி 169.254 எனத் தொடங்கினால், முகவரிகளைத் தானாகப் பகிரும் சேவையகத்திலிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்பது பொருள்.
படி 3: பிங் கட்டளையைக் கொண்டு வழிப்படுத்தியின் முகவரிக்கு (உதாரணம்: 192.168.1.1) பொதியொன்றை அனுப்புக. பதில் வந்தால் உள்ளகப் பாதை சரியாகும்.
படி 4: வெளியிலுள்ள ஐ.பி. முகவரியொன்றுக்கு அனுப்புக. பதில் வந்தால் இணைய இணைப்பும் சரியாகும்.
படி 5: இணையத்தளத்தின் பெயரைக் கொண்டு முயல்க. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிடின், பழுது ஆள்களப் பெயர் முறைமையில் (டி.என்.எஸ்.) உள்ளது.

நினைவிற் கொள்க: ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுக. மாற்றியதைக் குறித்து வைக்க. மூன்றை ஒருங்கே மாற்றிப் பழுது நீங்கினாலும், எது காரணம் என்பது தெரியாது. அப்பழுது மீண்டும் வந்தால் முதலிலிருந்தே தேட வேண்டியதுதான்.

5. அனுமதிகளும் தலைமைப் பயனரும்

யுனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, ஏனையோர் என மூவகைப் பயனருக்கும் தனித்தனியே அனுமதி உண்டு. வாசித்தல் 4, எழுதுதல் 2, இயக்குதல் 1 என எண்ணிட்டு, அவற்றைக் கூட்டிக் குறிப்பர்.

உதாரணம்: தவணைப் புள்ளிப் பட்டியல் கோப்பின் அனுமதி 640 ஆகும்.
• உரிமையாளரான வகுப்பாசிரியர்: 6 = 4 + 2, வாசிக்கவும் எழுதவும் முடியும்.
• குழுவான ஏனைய ஆசிரியர்கள்: 4, வாசிக்க மாத்திரம் முடியும்.
• ஏனையோர்: 0, எதுவும் இயலாது.

ஆயினும் ரூட் எனப்படும் தலைமைப் பயனரை இவ்வெல்லைகள் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. நிருவாகியின் கையிலுள்ள கடவுச்சொல் இதுவே. இதனைக் கொண்டு எவரது கோப்பையும் திறக்கலாம். முழுச் சேவையகத்தையும் ஒரு வரியில் அழிக்கலாம். கட்டளை வரியில் அழித்த கோப்பு மீள்சுழற்சித் தொட்டிக்குச் செல்வதில்லை. "உறுதியாக அழிக்கவா?" என்ற வினாவும் பெரும்பாலும் எழுவதில்லை. பிறரது மின்னஞ்சலை வாசிக்கக்கூடியவராக இருந்தும் வாசியாதிருப்பது இத்தொழிலின் முதல் ஒழுக்கமாகும்.

6. நிகழ்வுக் கற்கை: தவறான சேவையகத்தில் ஒரு கட்டளை

கிட்லாப் என்பது செய்நிரலாளர்கள் தமது செய்நிரல்களைச் சேமித்துக் கூட்டாகப் பணிபுரியும் இணையச் சேவையாகும். 2017 ஜனவரி 31 இரவு அதன் தரவுத்தளத்தில் பழுது ஏற்பட்டது. பிரதான சேவையகத்தின் தரவைத் துணைச் சேவையகம் பிரதிசெய்வது நின்றுபோயிற்று. துணைச் சேவையகத்திலிருந்த பழைய தரவை அழித்துப் பிரதிசெய்தலை மீளத் தொடங்கப் பொறியியலாளர் ஒருவர் முனைந்தார். ஆனால் அழித்தற் கட்டளையை அவர் பிரதான சேவையகத்தில் இட்டுவிட்டார்.

ஓரிரு வினாடிகளில் தவறை உணர்ந்து நிறுத்தினார். எனினும் சுமார் 300 கிகாபைற்று தரவில் எஞ்சியது ஏறத்தாழ 4.5 கிகாபைற்று மாத்திரமே.

காப்பு நகல்களைத் தேடியபோதே பெரிய பழுது வெளிப்பட்டது. காப்பெடுக்கும் செய்நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தவில்லை. அதனால் நகல் எதுவும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாது நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆதலால் எவரும் அதனை அறியவில்லை. பரிசோதனைத் தேவைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுக்கப்பட்டிருந்த நகலொன்றே கைகொடுத்தது. செய்நிரல்கள் தப்பின. ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் பதியப்பட்ட கருத்துரைகள், புதிய பயனர் கணக்குகள் முதலியன நிரந்தரமாக இழக்கப்பட்டன. நிறுவனம் நடந்ததை மறைக்காமல் படிப்படியாக வெளியிட்டது. அதனாலேயே இன்று நாமும் அதிலிருந்து கற்க முடிகிறது.

வலையமைப்புத் துறையிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி, பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை பேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் செயலிழந்தன.

எமது நாட்டிலும் 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்க முகில் சேவை கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டது. அரச அலுவலகங்கள் பலவற்றின் மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை இழக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்குரிய காப்பு நகல் இருக்கவில்லை.

இவற்றிலிருந்து பெறும் பாடம்: தவறு எவருக்கும் நேரலாம். தவறு நேர்ந்தாலும் மீளத்தக்கவாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்பவரே நல்ல நிருவாகி. மூன்று பிரதிகள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது பொது விதி. மீளப்பெற்றுச் சோதிக்காத காப்பு நகலைக் காப்பு நகலாகக் கருதலாகாது.

7. இத்துறைக்குச் செல்லும் வழிகள்

• உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவு, அல்லது 2013 இல் அறிமுகமான தொழினுட்பப் பிரிவு. அதன்பின் யாழ்ப்பாணம், வவுனியா முதலிய பல்கலைக்கழகங்களின் கணினித்துறைப் பட்டங்கள்.
• தேசிய தொழிற்றகைமை (என்.வி.கியூ.): மட்டம் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். உயர்தரத்துக்குச் செல்லாதோருக்கும் இவ்வழி திறந்துள்ளது.
• சர்வதேசச் சான்றிதழ்கள்: வலையமைப்புக்கு சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.; லினக்ஸுக்கு ரெட் ஹட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. பின்னையது முற்றிலும் செய்முறைப் பரீட்சையாகும். மனனம் செய்த விடைகள் அங்கு உதவா.

கணிதமும் ஆங்கில வாசிப்பும் இன்றியமையாதவை. கைந்நூல்களும் வழுச்செய்திகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. இரவிலும் விடுமுறை நாட்களிலும் அழைப்பு வரலாம் என்பதையும் அறிந்தே இத்தொழிலைத் தெரிவுசெய்யுங்கள். பழைய கணினியொன்று கிடைத்தால் அதில் லினக்ஸை நிறுவுங்கள். ஒரு கோப்பை வேண்டுமென்றே அழித்து, காப்பு நகலிலிருந்து மீளப்பெற்றுப் பாருங்கள். அதுவே உங்கள் முதற் செய்முறையாகட்டும்.

8. மாதிரி வினாக்கள்

(1) கோப்பொன்றின் அனுமதி 750 எனின், குழுவினருக்கு உள்ள அனுமதிகள் யாவை?

(2) ஒரு கணினியிலிருந்து வெளியிலுள்ள ஐ.பி. முகவரிக்கு பிங் பதில் வருகிறது. ஆனால் எந்த இணையத்தளமும் பெயரால் திறக்கவில்லை. பழுது எங்கே இருக்கலாம்?

(3) ஒரு சேவையகம் ஆண்டொன்றில் 99.9% நேரம் இயங்க வேண்டும். அது நின்றிருக்கக்கூடிய அதிகூடிய நேரம் யாது? (ஆண்டு = 365 நாட்கள்)

(4) "நாள்தோறும் காப்பு நகல் எடுக்கிறோம், ஆகவே அச்சமில்லை" என்று ஒரு நிருவாகி கூறுகிறார். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய இரு வினாக்களை எழுதுக.

விடைகள்

(1) 5 = 4 + 1; வாசித்தலும் இயக்குதலும்.
(2) ஆள்களப் பெயர் முறைமையில்.
(3) 365 × 24 = 8760 மணி. அதன் 0.1% = 8.76 மணி, அதாவது ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம்.
(4) அந்நகலிலிருந்து தரவை இறுதியாக எப்போது மீளப்பெற்றுச் சோதித்தீர்கள்? பிரதிகளுள் ஒன்றேனும் வேறிடத்தில் உள்ளதா?