ஒரு பிடி கீழாநெல்லி கொடுப்பதற்கு முன்

தூத்துக்குடியில் மூலிகை ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றில் சரக்கின் தரம் பார்ப்பது என் வேலை. வ.உ.சி. துறைமுகம் வழியாகக் கப்பலேறும் நிலாவரை, நித்தியகல்யாணி மூட்டைகளோடு கீழாநெல்லியும் எங்கள் கைபட்டுத்தான் போகும். அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது மஞ்சள் காமாலை என்றால், “அண்ணாச்சி, ஒரு பிடி கீழாநெல்லி கிடைக்குமா?” என்று வந்து நிற்பார்கள். “ரத்தம் பாத்தாச்சா?” என்பதுதான் என் முதல் கேள்வி.

கெட்ட தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். பெயர் தழைக்குப் போகும். பித்தநாளத்தைக் கல் அடைத்திருந்தாலோ, பி வைரஸ் ஈரலில் தங்கியிருந்தாலோ, சாறு குடித்துக் காத்திருக்கும் நாட்களில் நோய் முற்றிவிடும்.

கீழாநெல்லியை நான் குறைத்துச் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து 1988இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. பெரிய நம்பிக்கை அது. பிற்பாடு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை.

சரக்கிலும் சிக்கல் உண்டு. இலைக்கு அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்குவதுதான் கீழாநெல்லியின் அடையாளம். மூட்டைக்குள் காய்ந்து அமுங்கினால் காயும் இலையும் உதிர்ந்து தூளாகிவிடும். அதே இனத்தின் வேறு செடிகள் கலந்து வருவது இந்த வியாபாரத்தில் சகஜம். பொடித்த பிறகு எத்தனை வருடம் பழகிய கண்ணாலும் பிரித்தறிய முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஆகவே உதிரிப் பொடி வாங்காதீர்கள். உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

‘ஈரல் காக்கும்’ மாத்திரைகளில் இன்னும் கவனம் தேவை. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, உடம்பில் அதிகம் சேரும்படி மிளகுச் சத்தோடு அடைத்த மஞ்சள் மாத்திரை வேறு. அப்படிப்பட்ட மாத்திரையால் ஈரல் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சீந்தில் குறித்து 2021இல் மும்பை மருத்துவர்கள் அப்படி எழுதியபோது ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எந்த மூலிகை சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள், டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. போடாத பெரியவர்கள் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.