முதோள் வேட்டை நாய்

பின்வரும் பாடத்தைப் படித்து, வினாக்களுக்கு விடை எழுதுக.

கர்நாடக மாநிலத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ளது முதோள் என்னும் ஊர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய வேட்டை நாயினம் தக்காணம் முழுவதும் அறியப்பட்டது. மேற்கு ஆசியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வணிகரோடும் படையினரோடும் வந்த நாய்களின் வழித்தோன்றலே இவ்வினம் என்று கருதப்படுகிறது. மராட்டிய மாநிலத்தில் இதனைக் ‘கார்வானி’ என்று அழைப்பர். ‘கார்வான்’ என்றால் வணிகச் சாத்து. முதோள் அரசர் மாலோஜிராவ் கோர்படே இந்நாய்களைப் போற்றி வளர்த்தார். ஓர் இணையை ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசாக அளித்தார்.

இது மோப்பத்தை நம்பித் தேடும் நாய் அன்று. கண்ணால் கண்டு துரத்தும் நாய். குறுகிய தலை, ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள் ஆகியன ஓட்டத்திற்கென்றே அமைந்தவை. விரைந்து ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை இதன் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்.

உடலைப் போலவே குணமும் தொழிலால் அமைந்தது. தொலைவில் முயல் ஓடினால், அழைக்கும் குரல் இதன் செவியில் ஏறாது. அயலார் தொடுவதை இது விரும்பாது. வளர்த்தவரிடமோ பற்று மிகுந்திருக்கும். அடித்துப் பழக்கினால் ஒதுங்கும். அன்பாகப் பழக்கினால் இணங்கும்.

இன்று, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. எனினும் இந்நாய்க்கு வேறு பணிகள் கிடைத்துள்ளன. சிற்றூர்களில் வயலையும் வீட்டையும் காக்கிறது. 2016ஆம் ஆண்டில் இந்தியத் தரைப்படை இதன் குட்டிகளை மீரட் நகரில் பயிற்றத் தொடங்கியது. 2005ஆம் ஆண்டில் வெளியான அஞ்சல் தலைகளில் தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாயுடன் இதுவும் இடம்பெற்றது.

புகழைக் கேட்டு நகரத்தாரும் இதனை வாங்குகின்றனர். ஆனால், ஓடப் பிறந்த உயிரைச் சிறிய வீட்டில் நாள் முழுதும் கட்டிவைப்பது கொடுமையே. நாளும் ஓட இடமும், உடன் செல்ல நேரமும் நம்மிடம் உண்டா என்று எண்ணிப் பார்த்த பின்னரே இதனை வளர்க்க முற்பட வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
சாத்து – வணிகர் கூட்டம்
வழித்தோன்றல் – மரபில் வந்தது
அயலார் – அறிமுகமில்லாதவர்

வினாக்கள்
1. ‘கார்வானி’ என்னும் பெயர் இந்நாயின் தோற்றத்தைப் பற்றி எதனை உணர்த்துகிறது?
2. முதோள் நாயின் உடலமைப்பு ஓட்டத்திற்கு ஏற்றது என்பதை விளக்குக.
3. இந்நாயை வளர்க்க விரும்பும் உம் நண்பருக்கு நீர் கூறும் அறிவுரை யாது?

பிரித்து எழுதுக
அவ்வூர், இவ்வினம், நாயினம்