8 டிகிரிக் கடலில் எதற்குப் பயப்படுவது?

கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஆகஸ்ட் மாதம் சில ஒதுங்கிய குடாக்களில் மேல்தண்ணீர் 20 டிகிரி வரை சூடேறும். அது வெறும் மேற்பூச்சு. இருபது மீட்டர் இறங்கினால் வருஷம் முழுக்க 8, 9 டிகிரிதான். மன்னார் வளைகுடாவின் 28 டிகிரியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது கடலாகவே தோன்றாது. ஆனால் வான்கூவர், நனைமோ, போர்ட் ஹார்டி பக்கத்து ஆட்கள் ஜனவரியிலும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். மற்றவர்கள் கயாக்கில் துடுப்புப் போடுகிறார்கள். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகள் பலவும் முழுப் பொய்யல்ல. பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்பட வைப்பவை, அவ்வளவுதான்.

“குளிரில் விறைத்துத்தான் சாவார்கள்”

டைட்டானிக் படம் பார்த்த எல்லோர் மனத்திலும் இதுதான் பதிந்திருக்கிறது. தண்ணீரில் விழுகிறார்கள், உடம்பு நீலம் பாய்கிறது, மெல்ல உறைகிறார்கள். உண்மையில், உறைநிலைக்கு அருகிலுள்ள தண்ணீரில்கூட, பெரியவர்கள் உடலின் உள்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க அரை மணி நேரமாவது ஆகும். பலர் அதுவரை உயிரோடு இருப்பதே இல்லை என்பதுதான் விஷயம்.

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை ஆராய்வதற்காக உறைந்த ஏரிகளில் தானே இறங்கிப் பார்த்தவர். ‘பாப்சிகிள் பேராசிரியர்’ என்றே பெயர் வாங்கிவிட்டார். அவர் சொல்லிக்கொடுக்கும் கணக்கு 1-10-1. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். கடைசி ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சாவு பெரும்பாலும் முதல் இரண்டிலேயே முடிந்துவிடுகிறது.

அந்த முதல் நிமிடத்தில் நடப்பது இதுதான். தோல் சட்டென்று குளிர்ந்ததும், நம் அனுமதியைக் கேட்காமலே நெஞ்சு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கிறது. தொடர்ந்து மூச்சு இரைக்கிறது, இதயம் படபடக்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்கக் கூடியவருக்கு இங்கே சில விநாடிகூட முடியாது. அந்த முதல் இழுப்பின்போது வாய் தண்ணீருக்குள் இருந்துவிட்டால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. இதற்குப் பனிக்கட்டி மிதக்க வேண்டியதில்லை. 10 முதல் 15 டிகிரியிலேயே இந்த அதிர்ச்சி ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. வெயில் காயும் மே மாத ஞாயிற்றுக்கிழமை, டி-ஷர்ட்டோடு கயாக்கில் கிளம்புகிறவர் மிதப்பது அந்தத் தண்ணீரின் மேல்தான். காற்று எத்தனை டிகிரி என்று பார்த்து உடுத்தாதே, தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்த்து உடுத்து என்று அங்கே கயாக் சொல்லிக்கொடுப்பவர்கள் சலிக்காமல் சொல்வது இதனால்தான்.

“எனக்கு நல்லா நீச்சல் தெரியும்” என்ற பேச்சும் இங்கே எடுபடாது. கிணற்றிலும் ஆற்றிலும் குதித்துப் பழகிய நம்மவர்களுக்கு இதை ஒத்துக்கொள்வது கஷ்டம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கை நரம்புகளும் தசைகளும் குளிர்ந்து, விரல்கள் விரிந்தபடியே நின்றுவிடும். வீச்சு குட்டையாகும், கால் கீழே இறங்கும், உடம்பு நட்டுக்குத்தாக நிற்கத் தொடங்கும். கரை நூறு மீட்டரில் தெரிந்துகொண்டே இருக்கும். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு “தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்” என்பவர், அந்த விரல்களால் பக்கிளை மாட்டப்போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீந்தினால் உடம்பு சூடாகும் என்பதும் தவறு. 1970-களில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜான் ஹேவர்டும் சகாக்களும் ஆட்களைக் குளிர்நீரில் இறக்கி அளந்து பார்த்தார்கள். லைஃப் ஜாக்கெட்டோடு சும்மா மிதப்பவரைவிட நீந்துபவர் சுமார் மூன்றில் ஒரு பங்கு வேகமாகக் குளிர்ந்துபோனார். முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, அக்குளை இறுக்கிக் குறுகிக் கிடக்கும் நிலை அங்கிருந்து வந்ததுதான். இன்று கனடாவின் படகுப் பாதுகாப்புப் பாடங்களில் அதைச் சொல்லித்தருகிறார்கள்.

ஒரு மிடறு பிராந்தி குடித்தால் சூடேறும் என்ற கதையை நீட்டத் தேவையில்லை. தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடாக இருப்பதுபோல் தோன்றும். அந்தச் சூடு உள்ளிருந்து வெளியே போகிற சூடு.

“வெட் சூட்டுக்குள் புகும் தண்ணீர்தான் சூடாகிக் காக்கிறது”

ஸ்கூபா கற்றுக்கொடுப்பவர்களில் சிலரே இப்படிச் சொல்வதுண்டு. 1950-களின் தொடக்கத்தில் வெட் சூட்டை உருவாக்கிய ஹியூ பிராட்னர், அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர். அவர் பிடித்துக்கொண்ட விஷயமே வேறு: உடம்பு நனையாமல் இருக்க வேண்டியதில்லை, துணிக்குள் காற்று இருந்தால் போதும். மீன் பெட்டியில் தெர்மோகோல் செய்யும் வேலையை நியோபிரீனுக்குள் அடைபட்ட நுண்குமிழிகள் செய்கின்றன. உள்ளே புகும் தண்ணீரைச் சூடாக்க உடம்புதான் செலவழிக்கிறது. எவ்வளவு குறைவாகப் புகுகிறதோ அவ்வளவு நல்லது. தொளதொளவென்று வாடகைக்கு எடுத்த சூட் குளிர்வதன் ரகசியம் அதுதான்.

குமிழிகள்தான் காவல் என்று தெரிந்தால் அடுத்ததும் புரிந்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது, குமிழி பாதியாகச் சுருங்குகிறது. 30 மீட்டரில் கால் பங்கு. கரையில் தடிமனாக இருந்த 7 மில்லிமீட்டர் சூட், மிகவும் குளிரும் இடத்தில் மெலிந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் இந்தக் கரையில் பலரும் ட்ரை சூட்டுக்கு மாறுகிறார்கள். அதுவும் மந்திரமில்லை. மெல்லிய துணியால் ஆன ட்ரை சூட்டுக்கு என்று தனியாகச் சூடு கிடையாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுகி நின்று தண்ணீரைத் தடுக்கும், உள்ளே போட்டிருக்கும் கனத்த உள்ளாடை காக்கும். அந்தப் பட்டைக்கடியில் ஒரு முடிக்கற்றை மாட்டியிருந்தாலும் போதும், அரை மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும்.

ட்ரை சூட் கிழிந்து தண்ணீர் புகுந்தால் அதன் கனமே ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று கயாக்காரர்கள் சிலர் பயப்படுகிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை ஏது? சூட்டுக்குள் இருந்த காற்று போய்விடும், குளிர் பிடுங்கும், கயாக்கின் மேல் ஏறும்போது கால்கள் இரும்பாகக் கனக்கும். அவை உண்மையான தொல்லைகள். ஆனால் லைஃப் ஜாக்கெட் மிதக்கவைத்தபடியேதான் இருக்கும்.

தலைவழியாகத்தான் உடம்புச் சூட்டில் பாதி போகிறது என்பதும் நீண்ட ஆயுள் வாய்ந்த கதை. தலையின் பரப்பு உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, வெப்பம் போவதும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதற்காகத் தலையுறையைக் கழற்றிவிட வேண்டாம். குளிர்நீர் காதுக்குள் பாய்ந்தால் தலை சுற்றும். உறை வேண்டும் என்பது சரி, சொல்லப்படும் காரணம்தான் தப்பு.

“முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர்”

நம் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கலாம்: ஆக்சிஜன் சிலிண்டருடன் இறங்கித் தேடினர் என்று. பொழுதுபோக்கு ஸ்கூபாவில் அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் நாம் மூச்சுவிடும் அதே காற்று, சுமார் 200 மடங்கு அழுத்தத்தில். சில நேரம் ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டிய கலவை. முழு ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம், கடலுக்குள் வலிப்பு என்றால் மூழ்குவதுதான்.

குளிர்கடலில் இதற்கு ஒரு துணைக்கதை உண்டு: சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் உறைந்தால் மூச்சு அடைத்துவிடும். நடப்பது நேர்மாறு. உயர் அழுத்தக் காற்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. வால்வை ஒட்டிய ஈரம் உறைந்து, வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்கிறது. காற்று நிற்காது, பீறிட்டுக் கொட்டும், சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. ஐரோப்பியத் தரநிர்ணயத்தில் 10 டிகிரிக்குக் கீழே என்றாலே குளிர்நீர் என்று வகுத்து, ரெகுலேட்டரை 4 டிகிரியில் சோதிக்கச் சொல்வது இதற்காக. குளிர்காலத்தில் படகின்மேல் நின்று “வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று நாலைந்து முறை ஊதிப் பார்க்கும் பழக்கம்தான் பல நேரம் இந்த உறைதலைத் தொடங்கிவைக்கிறது.

“கவிழ்ந்தால் கயாக்கில் மாட்டிக்கொள்வோம்”

இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை, கால்கள் உள்ளே, படகு தலைகீழ். கேட்கவே மூச்சு முட்டும். பாவாடையின் முன்விளிம்பில் ஒரு நாடா வளையம் இருக்கும். அதைப் பிடித்து முன்னால் தள்ளி மேலே இழுத்தால் பாவாடை கழன்றுவிடும், ஆள் வழுக்கி வெளியே வந்துவிடுவார். முதல் பாடத்திலேயே சொல்லித்தருவது இதுதான். மாட்டிக்கொள்வது அபூர்வம். கரையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியது, அந்த வளையம் பாவாடைக்கடியில் மடங்கிக் கிடக்கிறதா என்பது. வெளியே வந்தவர் எப்படித் திரும்ப ஏறப்போகிறார் என்பதுதான் அடுத்த கேள்வி, அதற்கும் அவருக்கு இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான்.

“கடல் ஏறி முடிந்ததும் நீரோட்டம் நின்றுவிடும்”

இந்தக் கரையில் என்னைக் கேட்டால் முதலில் களைய வேண்டிய நம்பிக்கை இது. திறந்த கரையில் ஓரளவு சரியாக இருக்கலாம். இங்கே கரை முழுக்க குறுகிய வாய்களும், அவற்றுக்குப் பின்னால் நீண்ட கழிகளும். வெளிக்கடல் ஏறி உச்சத்தைத் தொடும்போது உள்கழி இன்னும் நிரம்பியிருக்காது. அதனால் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும். வெளிமட்டம் இறங்கத் தொடங்கி, உள்மட்டத்தோடு சமமாகும்போதுதான் ஓட்டம் நிற்கும். அது உச்ச ஏற்றத்துக்குப் பிறகு ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூடக் கழித்து வரலாம். அதனால்தான் கனடிய நீரியல் துறை கடல்மட்டத்துக்கு ஒரு பட்டியல், நீரோட்டத்துக்கு வேறு பட்டியல் என்று போடுகிறது. மட்டப் பட்டியலை மட்டும் பார்த்து ஸ்கூக்கும்சக் குறுவாய்க்குள் கயாக்கைத் திருப்பினால், வேகமாகச் சுழலும் தண்ணீருக்குள்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

சீமோர் குறுவாயில் நீரோட்டம் மணிக்கு 15 நாட்டிகல் மைல் வேகத்தைத் தொடுவதுண்டு. அங்கே தண்ணீருக்கடியில் ஒளிந்திருந்து கப்பல்களைக் காவு வாங்கிய ரிப்பிள் பாறையை, கடலுக்கடியில் சுரங்கம் தோண்டி, 1,200 டன்னுக்கு மேல் வெடிமருந்து நிரப்பி, 1958 ஏப்ரல் 5 அன்று தகர்த்தார்கள். பாறை போனது, நீரோட்டம் போகவில்லை. இன்னும் வடக்கே நக்வாக்டோவில், வாயின் நடுவே நிற்கும் ஒரு சிறு தீவு ஓட்டத்தின் உச்சத்தில் அதிர்கிறது என்பார்கள். வந்துபோன படகுகள் தங்கள் பெயர்ப்பலகையை அதன் மரங்களில் அடித்துவைத்திருக்கின்றன. ஓட்டம் தணியும் சில நிமிடங்களில் முக்குளிப்பவர்கள் அங்கே இறங்குகிறார்கள். எதற்கு என்றால், பாறையில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும் சிவந்த உதட்டுக் கொட்டலசுகளைப் பார்க்க.

“குளிர்கடலில் பார்க்க என்ன இருக்கிறது?”

நிறமெல்லாம் பவளப்பாறைக் கடலில்தான் என்று நினைப்பவர்கள் போர்ட் ஹார்டிக்கு அருகே பிரவுனிங் நீர்வழியின் சுவரைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கடல்சாமந்திகள், சிவப்பு மென்பவளம், மஞ்சள் கடற்பஞ்சு, ஒரு கையளவு இடம்கூட வெறுமையாக இருக்காது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும். வேகமான நீரோட்டம் அடியிலுள்ள சத்தை மேலே கிளறி, இடம்விட்டு நகராத உயிர்களின் வாய்க்கே இரையைக் கொண்டுவந்து சேர்க்கும். முன்பு சொன்ன ஆபத்தும் இந்த அழகும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. ஹெக்கேட் நீரிணையில் 1987-இல் கண்ணாடிக் கடற்பஞ்சுத் திட்டுகள் உயிரோடு இருப்பது தெரியவந்தபோது, அதுவரை புதைபடிவமாக மட்டுமே அறிந்த ஒன்றை அறிவியலாளர்கள் நேரில் பார்த்தார்கள்.

கோடைதான் சீசன் என்பதும் சரியல்ல. வசந்தத்தில் வெயில் ஏறியதும் பிளாங்க்டன் பெருகி, மேல்பத்து மீட்டர் பச்சையாகக் கலங்கிவிடும். தண்ணீர் தெளிவது குளிர்காலத்தில். கெட்டிக்காரர்கள் டிசம்பரில் போகிறார்கள், கரையில் பல் கிட்டித்துக்கொண்டாலும்.

இங்குள்ள ராட்சத ஆக்டோபஸ் ஆளைப் பிடித்து அமுக்கும் என்பது பழைய சினிமா. வளைக்கு வெளியே கிடக்கும் நண்டு ஓட்டுக் குவியலை வைத்துத்தான் அதன் வீட்டையே கண்டுபிடிப்பார்கள். தாய் ஆக்டோபஸ் வளைக்குள் முட்டைச் சரங்களைத் தொங்கவிட்டு, ஆறு மாதத்துக்கு மேல் இரையெடுக்காமல் தண்ணீரை ஊதி ஊதிக் காத்து, குஞ்சு பொரிந்ததும் செத்துப்போகிறது. விளக்கடித்துத் தொல்லை தராமல் நகர்ந்துவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

“கயாக்கால் யாருக்கும் தொந்தரவில்லை”

கொலைத் திமிங்கலம் என்று பெயரெடுத்த ஓர்க்கா, சுதந்திரமாகத் திரியும்போது மனிதரைக் கொன்றதாகப் பதிவு எதுவும் இல்லை. ஒரு கூட்டம் சால்மன் மீனையே தின்று வாழ்கிறது, இன்னொரு கூட்டம் சீல்களை வேட்டையாடுகிறது. கயாக்காரர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பிரச்சினை எதிர்த்திசையில்தான். ஜான்ஸ்டன் நீரிணையின் ராப்சன் குடாவில் ஓர்க்காக்கள் கரையோரக் கூழாங்கல்லில் வயிற்றை உரசிக்கொள்ள வருகின்றன. 1982-இல் அது காப்பிடமானது, கயாக்குக்கும் அங்கே அனுமதியில்லை. மற்ற இடங்களில் குறைந்தது 200 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், தென்பகுதியில் அதைவிடக் கூடுதலாக. “நான் என்ஜின் வைக்கவில்லையே” என்பது சட்டத்தில் செல்லாது.

சீல்களிடமும் செல்லாது. மோட்டார் படகு தூரத்திலேயே சத்தம் காட்டிவிடும். கயாக் ஓசையில்லாமல் திடீரென்று பாறை மறைவிலிருந்து முளைக்கும். படுத்திருந்த கூட்டம் மொத்தமும் பதறித் தண்ணீரில் குதிக்கும், குட்டி தாயை விட்டுப் பிரிந்துவிடும். கோடையில் கரையில் தனியாகக் கத்திக்கொண்டிருக்கும் குட்டியைப் பார்த்து, அநாதை என்று நினைத்துப் போர்வையில் சுற்றித் தூக்கிவருபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் தாய் மீன் பிடிக்கத்தான் போயிருக்கும், ஆள் நிற்பதைப் பார்த்தால் கரையேறத் தயங்கும். தூரத்திலிருந்தபடியே கடல் விலங்கு மீட்பு மையத்துக்குப் போன் செய்துவிட்டு, அவர்கள் வரும்வரை கூட வந்த நாயைக் கட்டிவைத்தால் போதும்.